மே மாதம் கொடைக்கானல் போகிறோம், அதற்குள் 12 கிலோ குறைக்க முடியுமா?

உச்சிப்புளி டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். மே இரண்டாவது வாரம் கல்லூரித் தோழிகள் எல்லாரும் குடும்பத்தோடு கொடைக்கானல் போக ஏற்பாடாகிவிட்டது. இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. எனக்கு வயது 34, உயரம் 156 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. இரண்டாவது பிள்ளை பிறந்தபோது ஏறிய எடை இறங்கவே இல்லை. போட்டோவில் நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. அதைவிடப் பெரிய கவலை, வட்டக்கானலில் இருந்து டால்பின் நோஸ் பாறை வரை நடந்து போகலாம் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

யூடியூபில் ஒரு டயட் பார்த்தேன். காலையில் சீரகத் தண்ணீர், மதியம் வெள்ளரிக்காய், இரவு ஒரு ஆப்பிள். எட்டு வாரத்தில் 12 கிலோ குறையும் என்கிறார்கள். வீட்டில் மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள். எல்லாருக்கும் நான்தான் சமைக்கிறேன், வாரத்தில் பாதி நாள் மீன்தான். அவர்களுக்கு ஒரு சமையல், எனக்குத் தனியாக ஒரு சமையல் என்றால் காலை பஸ்ஸைப் பிடிக்கவே முடியாது. நம் பக்கத்துச் சாப்பாட்டை வைத்துக்கொண்டே குறைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

தங்கச்சிமடம் செவிலி

தங்கச்சி, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி குறைய வேண்டும். 12 கிலோவுக்கு 92,400. எட்டு வாரத்துக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 1,650 வருகிறது. உங்கள் வயதுக்கும் எடைக்கும், நின்று பாடம் நடத்துவதையும் சேர்த்து, உடம்பு ஒரு நாளில் செலவழிப்பதே சுமார் 1,800 கலோரிதான். மிச்சம் 150. காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டால் அன்றைய சாப்பாடு அதோடு முடிந்தது. இதை ஒரு தாய், இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, பங்குனி வெயிலில் எட்டு வாரம் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

அப்படிச் செய்தால் கொழுப்போடு தசையும் போகும். முடி கொட்டும். வேகமாக எடை குறைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் வருவதும் நடக்கிறது. வாரத்துக்கு அரைக் கிலோவில் இருந்து ஒரு கிலோ வரை என்பதுதான் பாதுகாப்பான வேகம். உங்களுக்கு எட்டு வாரத்தில் நான்கு, ஐந்து கிலோ நியாயமான இலக்கு.

இன்னொன்று. முதல் வாரத்தில் சட்டென்று ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கும். அதைப் பார்த்துத்தான் எல்லாரும் இந்தப் பட்டினி டயட்டுகளை நம்புகிறார்கள். கல்லீரலும் தசையும் மாவுச்சத்தைச் சேமித்து வைக்கும்போது, ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரையும் சேர்த்து வைக்கின்றன. சோற்றைத் திடீரென்று நிறுத்தினால் அந்தத் தண்ணீர் வெளியேறுகிறது. மறுபடி சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும்.

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. 34 வயதில் இரண்டு மாடிக்கு மூச்சு வாங்குவதற்கு எடை மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. எதை ஆரம்பிப்பதற்கு முன்பும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, பிரஷர் மூன்றும் பார்த்துவிடுங்கள். தைராய்டும் பார்க்க முடிந்தால் நல்லது.

பாம்பன் விசைப்படகு

டீச்சரம்மா, நான் படித்தவன் இல்லை. ஆனால் சோறும் உடம்பும் எப்படி என்று வருஷா வருஷம் கண் முன்னால் பார்க்கிறேன். ஏப்ரல் 15-இல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் எங்களுக்கு மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. கடலில் இருக்கும்போது வலை இழுக்கிறோம், ஐஸ் உடைக்கிறோம், மீன் பிரிக்கிறோம், தூக்கம் கிடையாது. அப்போது ஒரு சட்டி சோறு போன இடம் தெரியாது. தடைக்காலத்தில் நிழலில் உட்கார்ந்து வலையைச் செப்பனிடுகிறோம், சாப்பாடு மட்டும் அதே அளவு. தடை முடிந்து படகில் ஏறும்போது பாதிப் பேருக்கு வயிறு முன்னால் வந்திருக்கும். கடலில் சாப்பிட்ட அளவைக் கரையில் சாப்பிடக் கூடாது என்று எங்கள் படகில் பெரியவர் ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

மீனை விட வேண்டாம். பொரிப்பதை மட்டும் விடுங்கள். படகில் நாங்கள் வைக்கிற குழம்பைச் சொல்கிறேன். மீனைக் கழுவி அறுத்து, புளி கரைத்து ஊற்றி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள், உப்பு, தட்டிய சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் ஒன்றாகப் போட்டு அடுப்பில் ஏற்றுவோம். தாளிப்பு கிடையாது, தேங்காய் கிடையாது. கொதித்து மேலே எண்ணெய் மிதக்கும், அது சாளை மீனில் (மத்தி) இருந்து வந்த எண்ணெய். வீட்டில் வைத்தாலும் அந்த ருசி வரும். சட்டியைக் கரண்டி போட்டுக் கிண்டாமல் பிடித்துக் குலுக்க வேண்டும், மீன் உடையாது.

தடைக்காலத்தில் மீனுக்கு என்ன செய்வது என்று யோசிக்காதீர்கள். நாட்டுப்படகு போய்க்கொண்டுதான் இருக்கும். சூடை, சாளை, காரல், நகரை கிடைக்கும். சீலாவுக்குக் காசு கொட்ட வேண்டியதில்லை.

தங்கச்சிமடம் செவிலி

அண்ணன் சொன்ன குழம்பை நானும் வழிமொழிகிறேன். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. நான்கு துண்டு மீன் பொரிக்கும்போது கல்லில் எவ்வளவு ஊற்றுகிறோம் என்று பாருங்கள். சாளையிலும் சூடையிலும் புரதம் நிறைய, இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பும் நிறைய. விலை உயர்ந்த மீனைவிட இவை எந்த வகையிலும் குறைந்தவை இல்லை.

சாயல்குடி பனை

டீயில் வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டுக் கருப்பட்டிக்கு மாறுங்கள் சகோதரி. எங்கள் ஊர்ப் பக்கம் இப்போதுதான் பதநீர் காலம். காலையில் ஒரு சொம்பு பதநீர் குடித்தால் உடம்புச் சூடு குறைந்து எடையும் தானாகக் குறையும். எங்கள் தாத்தா பனை ஏறினார், கடைசி வரைக்கும் தொப்பை கிடையாது.

தங்கச்சிமடம் செவிலி

தம்பி, பனைத் தொழில் நன்றாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் ஆசைதான். ஆனால் எடை குறைக்க வந்தவரிடம் இதைச் சொல்லக் கூடாது. பதநீரில் பத்து சதவீதத்துக்கு மேல் சர்க்கரை. ஒரு பெரிய டம்ளர் குடித்தால் நூறு கலோரிக்கு மேல் உள்ளே போகிறது. கருப்பட்டியும் சர்க்கரைதான், கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் கருப்பட்டி என்றால் பரவாயில்லை என்று நினைத்து அள்ளிப் போட்டுக்கொண்டு எங்களிடம் வருகிறார்கள். உங்கள் தாத்தா ஒரு நாளில் எத்தனை மரம் ஏறி இறங்கியிருப்பார்! தொப்பை இல்லாததற்கு அதுதான் காரணம்.

நுங்கு வேறு. இளநுங்கில் பெரும்பகுதி தண்ணீர்தான். மாலையில் வடை, பஜ்ஜிக்குப் பதிலாக இரண்டு நுங்கு சாப்பிட்டால் வயிறும் குளிரும், கணக்கும் குறையும்.

சாயல்குடி பனை

சரி அக்கா, நுங்குக்காவது இடம் கொடுத்தீர்களே. டீச்சர், சைவ நாட்களுக்குக் குதிரைவாலி சோறு எப்படி? எங்கள் பக்கம் மானாவாரியில் விளைகிறது.

தங்கச்சிமடம் செவிலி

தாராளமாக. நார்ச்சத்து கூடுதல், சீக்கிரம் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். ஆனால் சிறுதானியம் என்பதற்காக இரண்டு தட்டு சாப்பிட்டால் பலன் இல்லை. உலர்ந்த தானியமாக நிறுத்துப் பார்த்தால் அரிசிக்கும் அதற்கும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான்.

கீழக்கரை லாத்தா

அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். உங்கள் கேள்வியில் தனிச் சமையல் முடியாது என்ற வரியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். வீட்டுப் பெண்கள் டயட்டை ஆரம்பித்து நடுவில் விடுவது பசியால் அல்ல, இந்தத் தனிச் சமையலால்தான். ஓட்ஸ் வாங்குவோம், புரோக்கோலி தேடி ராமநாதபுரம் போவோம், பத்து நாளில் அலுத்துவிடும். பிள்ளைகள் நெய்ச்சோறு சாப்பிடும்போது நாம் மட்டும் ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஓரமாக உட்காருவது மனசுக்கும் ஒப்பாது.

சட்டி ஒன்றாகவே இருக்கட்டும். தட்டை மாற்றுங்கள். நான் செய்வது இது. எல்லாருக்கும் வைத்த அதே ஆணம்தான், குழம்பைச் சொல்கிறேன். என் தட்டில் முதலில் காய் வைத்துவிடுவேன், தட்டில் பாதிக்குக் காய். கத்தரிக்காயோ, முருங்கைக்கீரையோ, முட்டைக்கோஸோ, அன்று என்ன இருக்கிறதோ அது. அப்புறம் மீன் இரண்டு துண்டு. கடைசியாகத்தான் சோறு, ஒரு கிண்ணம், தலை தட்டி. முதலில் சோற்றைப் போட்டுவிட்டு மற்றதை வைத்தால் காய்க்கு இடமே இருக்காது. இரண்டாம் தடவை வேண்டும் என்றால் காயும் மீனும் எடுத்துக்கொள்ளலாம், சோறு மட்டும் கிடையாது.

எங்கள் ஊரில் இன்னொரு சங்கடம் விருந்து. சஹனில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தாலத்தில் சாப்பிடும்போது எவ்வளவு சாப்பிட்டோம் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் கறியை நம் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார், அது அன்பு, மறுக்கவும் முடியாது. நோன்பு முடிந்த கையோடு கல்யாணங்கள் வரிசையாக வருகின்றன. நான் என் முன்னால் இருக்கும் பகுதியை மட்டும் மெதுவாகச் சாப்பிடுவேன், கறியை எடுத்துக்கொண்டு சோற்றை விட்டுவிடுவேன். தொதல் வந்தால் ஒரு சின்னத் துண்டு உண்டு. கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் கிண்டிக் கிண்டி இறக்கியது அது, ஒரு துண்டே ஒரு வேளைக்குச் சமம். விருந்தன்று இரவு புளியாணமும் கொஞ்சம் கீரையும் போதும் எனக்கு.

உச்சிப்புளி டீச்சர்

லாத்தா, காயை முதலில் வைக்கச் சொன்னது எனக்குத் தோன்றாத விஷயம். இன்றைக்கே செய்து பார்க்கிறேன். மாமியார் கேட்டால் டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிடலாம்.

தொண்டி சைக்கிள்

சாப்பாட்டைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். எடை குறைவது முக்கால்வாசி தட்டில்தான், ஒத்துக்கொள்கிறேன். டீச்சரின் எடைக்கு ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 250 கலோரி போகும், இரண்டு வடையில் அது திரும்பி வந்துவிடும். ஆனால் அவருக்கு மலை ஏற வேண்டியிருக்கிறதே. டால்பின் நோஸுக்குப் போகும்போது இறக்கம், திரும்பும்போதுதான் ஏற்றம். வேரும் கல்லுமாகப் பாதை இருக்கும். சந்தோஷமாக இறங்கிப் போய்விட்டுத் திரும்பி வரும்போது பாதியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றும் கொஞ்சம் லேசு. எடையைக் குறைத்தால் மட்டும் இந்த ஏற்றம் ஏறிவிட முடியாது, தொடையில் பலம் வேண்டும்.

நம் மாவட்டத்தில் மேடு எங்கே இருக்கிறது? தொண்டியில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே எவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்தாலும் தட்டைதான். அதனால் வீட்டு வாசற்படியைப் பயன்படுத்துங்கள். ஒரு படியில் வலது காலை வைத்து ஏறுங்கள், இறங்குங்கள், பத்து முறை. அப்புறம் இடது கால். இரண்டு வாரம் கழித்துத் தோளில் ஒரு பை, அதில் திருத்த வேண்டிய நோட்டுக்கட்டு. இறங்கும்போது மெதுவாக இறங்குங்கள், அதில்தான் தொடைக்கு வேலை, முழங்காலைக் காப்பாற்றுவதும் அதுதான். நாற்காலியில் உட்காரப் போவது போலக் குனிந்து, உட்காராமல் எழுவது இன்னொரு பயிற்சி. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது மூன்றாவது. வாரத்தில் இரண்டு, மூன்று நாள் இவை போதும். மற்ற நாட்களில் அரை மணி நேரம் வேக நடை. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதையொட்டித்தான்: வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் நடை மாதிரியான பயிற்சி, இரண்டு நாள் தசைப் பயிற்சி.

உச்சிப்புளியில் இருந்து அரியமான் கடற்கரை பக்கம்தானே. அங்கே நடந்தால் காய்ந்த மணலில் கொஞ்ச தூரம் நடங்கள். கால் புதைகிற மணலில் நடக்கக் கெட்டித் தரையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி செலவாகும், மலை ஏற்றத்துக்கு நல்ல தயாரிப்பு. ஆனால் முதல் நாளே அரை மணி நேரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஐந்து நிமிடத்தில் ஆரம்பியுங்கள். ஈர மணல் சாய்வாக இருக்கும், ஒரே திசையில் நெடுந்தூரம் போனால் ஒரு பக்க இடுப்பு வலிக்கும். போன வழியே திரும்பி வாருங்கள். வடகடல் பக்கம் இப்போது அமைதியாக இருக்கும். வைகாசி, ஆனியில் காற்று ஏறிவிட்டால் மணல் பறந்து கண்ணில் அடிக்கும், அதற்கு முன்பாகவே நடந்து முடித்துக்கொள்ளலாம்.

ராமேஸ்வரம் ரதவீதி

எனக்கு அறுபது தாண்டிவிட்டது அம்மா, முழங்கால் வலி உண்டு. நான் நடப்பது கோயில் மூன்றாம் பிரகாரத்தில். 1,212 தூண் உள்ள பிரகாரம், வெயில் இல்லை, மேடு பள்ளம் இல்லை, காலுக்குக் கல் குளிர்ச்சியாக இருக்கும். காலையில் நான்கு சுற்று வந்தால் நல்ல நடை. கூட்டம் அதிகமான நாட்களில் மட்டும் போவதில்லை. நீங்கள் இளவயது, ஞாயிற்றுக்கிழமை ராமேஸ்வரம் வந்தால் கந்தமாதன பர்வதம் போய்ப் படி ஏறுங்கள். தீவிலேயே உயரமான இடம் அதுதான். பெரிய மலை இல்லை, ஆனால் நிறுத்தாமல் ஏறி இறங்கி இன்னொரு முறை ஏறினால் மூச்சு எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். மேலே நின்றால் இரண்டு பக்கமும் கடல் தெரியும்.

பாம்பன் சாலைப் பாலத்தில் நடைப்பயிற்சி செய்யலாம் என்று பையன்கள் சிலர் சொல்வார்கள். ஏற்றம் இருக்கிறது, உண்மைதான். லாரியும் பஸ்ஸும் போகிற பாலம், காற்றும் பலமாக அடிக்கும். வேண்டாம் அம்மா.

மட்டுறுத்துநர்

எடை குறைக்கும் பவுடர் விற்பனைக்காகத் தொலைபேசி எண்ணோடு வந்த பதிவு நீக்கப்பட்டது. இந்த இழையில் விற்பனை வேண்டாம்.

கமுதி மருமகள்

நீக்கியது நல்லது. எனக்கு ஒரு பவுடரும் டீத்தூளும் விற்றார்கள், பெயர் வேண்டாம். டீயைக் குடித்தால் நாள் முழுக்க வயிற்றுப்போக்கு. எடை குறைகிறது பார் என்று சந்தோஷப்படுத்தினார்கள். கடைசியில் தலைசுற்றி விழுந்து குளுக்கோஸ் ஏற்றும் நிலை ஆனது. பணத்தைத் திருப்பிக் கேட்டால் போனை எடுக்கவே இல்லை. பாக்கெட்டில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. யாரும் வாங்காதீர்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ராம்நாட்டு ராஜா

இப்போது எடை குறைக்க ஊசி வந்திருக்கிறதே, மவுஞ்சாரோ. அதைப் போட்டால் இரண்டு மாதத்தில் டீச்சரின் வேலை முடிந்துவிடாதா? மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்குமா?

தங்கச்சிமடம் செவிலி

கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஊசி இல்லை தம்பி, டாக்டர் சீட்டு வேண்டும். 2025-இல் இந்தியாவுக்கு வந்தது. உடல் பருமனுக்கு நல்ல மருந்துதான், நான் அதைக் குறை சொல்லவில்லை. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கு 30-க்கு மேல் இருப்பவர்களுக்கு, அல்லது 27-க்கு மேல் இருந்து சர்க்கரை, பிரஷர் மாதிரி வேறு தொந்தரவும் உள்ளவர்களுக்கு டாக்டர் பார்த்துக் கொடுப்பது. 2.5 மில்லிகிராமில் ஆரம்பித்து நான்கு வாரம் கழித்துத்தான் அடுத்த அளவுக்குப் போவார்கள். அந்த முதல் அளவு உடம்பு பழகுவதற்குத்தான். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பலருக்கு வரும். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்ப வருகிறது. ஒரு சுற்றுலாவுக்காக எட்டு வாரத்துக்குப் போட்டுவிட்டு நிறுத்துகிற விஷயம் இல்லை இது. டீச்சரின் பி.எம்.ஐ. 30.4 வருகிறது, நம் நாட்டு அளவுப்படி 25-லேயே பருமன் என்கிறோம். அதனால் வருங்காலத்தில் அவர் டாக்டரிடம் இதைப் பேச வேண்டியிருந்தால் பேசட்டும். பயணத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டுச் சோற்றைப் பாதியாக்கினால் மாத்திரை அளவையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிளைமிபிரைடு மாதிரி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேளைச் சாப்பாட்டை விட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும்.

உச்சிப்புளி டீச்சர்

அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ரிசல்ட் வந்துவிட்டது. சர்க்கரையும் பிரஷரும் நார்மல். ஹீமோகுளோபின் 9.4 மட்டும். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார். மாடி ஏற முடியாததற்கு உடம்பு கனத்துவிட்டதுதான் காரணம் என்று இத்தனை நாளும் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். இந்த நிலையில் வெள்ளரிக்காய் டயட் ஆரம்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

தங்கச்சிமடம் செவிலி

பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இருந்தது. அதாவது உங்கள் ஆசிரியர் அறையில் இருக்கும் பெண்களில் பாதிப் பேருக்கு இருக்கலாம், அவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மாத்திரையை டீயோடு போடாதீர்கள். சாப்பிட்ட உடனே டீ குடிக்கும் பழக்கமும் வேண்டாம், உணவில் இருக்கும் இரும்பு உடம்பில் சேராமல் டீ தடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது போகட்டும். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு நடையைச் சாதாரண வேகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், படி ஏறும் பயிற்சியில் மூச்சு முட்டினால் நிறுத்திவிட வேண்டும். தொண்டித் தம்பி சொன்ன பையும் நோட்டுக்கட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பெரியபட்டினம் டு ஷார்ஜா

காக்காமார், லாத்தாமார், எனக்கும் ஒரு வழி சொல்லுங்கள். ஜூனில் வெக்கேஷன் வருகிறேன். இரண்டு வருஷம் கழித்து ஊர். போகும்போது ஒல்லியாகப் போனேன், இப்போது இடுப்பு 102 சென்டிமீட்டர். ரூமில் எட்டுப் பேர், முறை வைத்துச் சமையல். டியூட்டி முடிந்து இரவு பதினொரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுக்கிறோம். உம்மா என்னைப் பார்த்ததும் பயந்துவிடக் கூடாது என்பதுதான் கவலை.

கீழக்கரை லாத்தா

தம்பி, உங்கள் உம்மா பயப்பட மாட்டார், இளைத்துவிட்டாய் என்றுதான் அழுவார். எல்லா உம்மாவும் அப்படித்தான். ஊருக்கு வந்து இறங்கிய பிறகுதான் உங்களுக்கு உண்மையான பரீட்சை, வீட்டுக்கு வீடு விருந்து. அதற்கு முன்பு இரவுச் சாப்பாட்டைச் சின்னதாக்குங்கள். டியூட்டிக்குப் போகும் முன்பே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பதினொரு மணிக்குப் பருப்பும் சாலடும் ஒரு குப்பூஸ் ரொட்டியும் போதும். பெப்சி, சர்க்கரை போட்ட லபான் மோர், பாக்கெட் ஜூஸ் எதுவும் வேண்டாம்.

தொண்டி சைக்கிள்

ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு அளவு. தொப்புள் மட்டத்தில் டேப்பைச் சுற்றி, மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். அங்கே கோடை தொடங்கப் போகிறது, வெளியில் ஓடாதீர்கள் தம்பி. மால் உள்ளே நடங்கள், கட்டடத்தில் படி ஏறுங்கள். வியர்த்தால் கொழுப்பு போகும் என்று பிளாஸ்டிக் உறை மாதிரி ஒரு பெல்ட் விற்பார்கள், கட்டிக்கொள்ளாதீர்கள். போவது தண்ணீர்தான், அந்த வெயிலில் அது ஆபத்து.

உச்சிப்புளி டீச்சர்

எல்லாருக்கும் ஒரு தகவல், கூடவே ஒரு புலம்பல். நான்காவது வாரம் முடிகிறது. 71.6 வந்திருந்தேன். சனிக்கிழமை மாமியார் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தார், தட்டில் பாதிக்குக் காய் வைத்து, சோற்றையும் அளவாகத்தான் சாப்பிட்டேன். ஞாயிறு காலை எடை 72.7. ஒரே ராத்திரியில் ஒரு கிலோவுக்கு மேல்! அழுகையே வந்துவிட்டது. கருவாட்டில் அவ்வளவு கொழுப்பா?

பாம்பன் விசைப்படகு

கொழுப்பு இல்லை டீச்சரம்மா, உப்பு. கருவாடு போடும்போது எவ்வளவு உப்பு போடுகிறோம் என்று எங்களைக் கேளுங்கள்.

தங்கச்சிமடம் செவிலி

அண்ணன் சொன்னதுதான். ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள், ஒரு டீஸ்பூன் அளவு. கருவாட்டுக் குழம்பு ஒரு வேளையிலேயே அதைத் தொட்டுவிடும். உப்பு கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டும் என்றால் அன்றைய தேவைக்கு மேல் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும், ஒரு ராத்திரியில் யாராலும் முடியாது. மாதவிலக்கு நெருங்கும்போதும் இப்படி ஏறும். தினமும் எடை பார்ப்பதை நிறுத்துங்கள் தங்கச்சி. வாரத்தில் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில். கருவாடு மாதத்தில் ஓரிரு முறை போதும், வெந்நீரில் நன்றாக அலசிவிட்டு வையுங்கள்.

உச்சிப்புளி டீச்சர்

செவ்வாய்க்கிழமையே இறங்கிவிட்டது அக்கா, இப்போதுதான் நிம்மதி. மாலையில் பள்ளிவிட்டு வந்ததும் வரும் பசிதான் இன்னும் அடங்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் வடை போடுகிற வாசனை வேறு.

கீழக்கரை லாத்தா

அந்தப் பசி நியாயமான பசி டீச்சர், மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டது. அதை அடக்க நினைத்தால் இரவு சோற்றில்தான் போய் விழும். காலையிலேயே டப்பாவில் சுண்டலோ அவித்த வேர்க்கடலையோ ஒரு கைப்பிடி எடுத்துப் போங்கள். பஸ் நிறுத்தத்துக்கு வரும் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். வயிற்றில் ஏதாவது இருந்தால் வடை வாசனை அவ்வளவு இழுக்காது.

உச்சிப்புளி டீச்சர்

நாளை மறுநாள் கிளம்புகிறோம். எடை 69.8. இடுப்பு 94-இல் இருந்து 88. 12 கிலோ இல்லை, நான்கு கிலோ சொச்சம். ஹீமோகுளோபின் 10.9, இன்னும் மூன்று மாதம் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நேற்றுப் பள்ளியில் இரண்டாவது மாடிக்குப் பேசிக்கொண்டே ஏறினேன், கூட வந்த டீச்சர்தான் நின்றுவிட்டார். அவரையும் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். வீட்டில் படகுக் குழம்புதான் இப்போது எல்லாருக்கும். மாமியாருக்குத் தேங்காய் இல்லாமல் முதலில் இறங்கவில்லை, இப்போது அவரே சட்டியைக் குலுக்குகிறார்.

கடைசியாகக் கேட்கிறேன், டால்பின் நோஸ் நடைக்கு என்ன எடுத்துப் போக வேண்டும்?

தொண்டி சைக்கிள்

அருமை டீச்சர்! அடியில் பிடிப்புள்ள ஷூ போடுங்கள், புது ஷூ வேண்டாம், செருப்பு வேண்டவே வேண்டாம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் வேர்க்கடலை, பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர். காலை எட்டு மணிக்குள் நடக்க ஆரம்பித்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கி மழையும் வரும், வேர்கள் வழுக்கும். பாறை விளிம்புக்கு யாரையும் விடாதீர்கள். திரும்பும்போது முன்னால் போகிறவர்களோடு போட்டி போடாமல், வாசற்படியில் ஏறிய அதே வேகத்தில் ஏறுங்கள். நடுவில் நின்று மூச்சு விட்டுக்கொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது.